முன் சக்கரத்துக்குப் புதுசு

சமையலறையில் இரண்டு கரண்டிகள் காணாமல் போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பூபதியும் அவர் மகள் தமிழினியும் சேர்ந்து ஒரு வேலை செய்த கடைசி நாள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பூபதியின் சைக்கிளில் முன் சக்கரத்து டயரைக் கழற்றிவிட்டு வேறு டயர் மாட்டினார்கள்.

டயரை நெம்புவதற்கென்று தமிழினி ஓசூரிலிருந்து பிளாஸ்டிக் பட்டைகள் வாங்கி வந்திருந்தாள். பூபதி ஒன்றை வாங்கி வளைத்துப் பார்த்தார்.

"என்ன சாமி இது, சீப்பாட்டம் இருக்குது?"

"சைக்கிள் டயருக்கு இதுதானுங்கப்பா. இரும்பு போட்டா ரிம்மு கீறிப்போயிரும்."

அவர் பட்டையை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகி ஓர் அழுத்து அழுத்தினார். வாழ்நாளெல்லாம் லாரி டயர் கழற்றிய கை அது. பட்டை இரண்டாக ஒடிந்து, ஒரு துண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பறந்தது. எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகள் இருந்தன. பின்னாலேயே அவர் மனைவி வசந்தாமணியும் வந்தாள்.

"ஏனுங்க, குழம்புக் கரண்டிய எங்க தூக்கீட்டுப் போறீங்க?"

"நெம்பறதுக்கு வேணும் புள்ள."

"லாரி ஓட்டற காலத்துல என்ற சேலையக் கிழிச்சுக் கண்ணாடி தொடச்சீங்க. இப்பக் கரண்டிங்களா? நாளைக்கு ஜாக்கி இல்லீன்னா என்னையப் புடிச்சு முட்டுக் குடுப்பீங்களாட்ட இருக்குது."

"ஜாக்கி இத்தனை சத்தம் போடாது."

கரண்டிக் காம்பு வளையவில்லை. டயர் கழன்றது. புது டயரை மாட்டும்போது கடைசி ஒரு சாண் உள்ளே போக மறுத்தது. தமிழினி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, பூபதி கட்டைவிரல்களால் தள்ளினார். உள்ளே போனதும் அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. வைகாசி வெயில்தானே என்று தமிழினி செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

காற்றடித்து முடித்ததும் அவர் டாமியை எடுத்தார். டாமி என்பது ஜாக்கியைச் சுற்றப் பயன்படும் ஒரு முழ நீள இரும்புக் கம்பி. லாரிக்காரர்கள் டீக்கு நிறுத்தினாலும் வண்டியைச் சுற்றி வந்து அதனால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவார்கள். காற்று இருந்தால் 'ணங்'கென்று திருப்பி அடிக்கும். இல்லாவிட்டால் 'தொப்'பென்று இருக்கும். வேலையை விட்ட பிறகும் பூபதி டாமியை விடவில்லை. வீட்டிலிருந்து சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பழக்கம்தான். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

முன் டயரைத் தட்டினார். 'ணங்.'

"இது லைனுக்குப் போற வண்டி," என்றார், நெடுந்தூரம் புறப்படும் லாரியைச் சொல்வது போல.

பின் டயரையும் தட்டினார். அது பழையது, கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் மலைப்பாதை டயர். அதன் ஓசை கொஞ்சம் மந்தமாக இருந்தது. தமிழினி அதைக் கவனித்தாள். பின்னால்தானே முதலில் மாட்டியிருக்க வேண்டும் என்று மறுபடி தொடங்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். எந்தச் சக்கரம் என்ற வழக்கு முந்தின நாளே கடையில் முடிந்திருந்தது. அதில் ஜெயித்தவர் அவர்.

பூபதிக்குச் சொந்த ஊர் புதுச்சத்திரம். ஊருக்கு முன்னால் போகிற நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் சேலம், பெங்களூர், ஐதராபாத், நாக்பூர். தெற்கே திரும்பினால் நாமக்கல், பரமத்தி வேலூர், கரூர். இந்த ஒரே சாலையில்தான் அவர் வாழ்க்கை முழுவதும் நடந்தது. மீசை முளைக்கும் முன் கிளீனராக ஏறியவர். பிறகு டிரைவர். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். வரும்போது கோழித் தீவனத்துக்கு சோயாப் புண்ணாக்கு. அதன் மேல் ஒரு கூடை ஆரஞ்சு. ஒருமுறைகூட வெறுங்கையாக வீட்டுக்கு வந்தவரில்லை. ஆரஞ்சு பருவம் இல்லாவிட்டால் ஆந்திரா மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் வழியில் எங்கோ வாங்கிய கம்பளி. ஒரு தடவை சுத்தியல் வாங்கி வந்தார். கேட்டதற்கு, பிடி நன்றாக இருந்தது என்றார்.

அவருக்கு ஜோடி டிரைவர் கருப்பண்ணன், பரமத்தி வேலூர்க்காரர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுப்பார். ஆதிலாபாத்தைத் தாண்டி ஓர் இறக்கத்தில் முன் டயர் வெடித்தபோது பூபதிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்த டயர். முதலாளி அடுத்த நடைக்கு மாற்றிவிடலாம் என்றிருந்தார். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. லாரி சாலையை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டில் போய்ச் சாய்ந்தது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த கருப்பண்ணனுக்கு ஒரு கால் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து பூபதிக்கு ஒரு சட்டம் உண்டு. புதுசு வந்தால் முன்னாடி. அது கொஞ்சம் ஓடியதும் பின்னாடி தள்ளிவிட்டு, முன்னாடிக்கு மறுபடி புதுசு. பல லாரிக்காரர்களுக்கும் இதுதான் வழக்கம். ஆனால் அவர் அதைச் சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி பிடித்துக்கொண்டார். புது டயரை முன்னால் போடாத முதலாளியிடம் அவர் வண்டி எடுத்ததில்லை.

கால் கூடியதும் கருப்பண்ணன் டிரைவர் வேலையை விட்டார். ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்தார். பூபதி தொடர்ந்து ஓட்டினார். சர்க்கரை வந்து கண்ணைப் பிடித்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் எழுத்துப் பலகையின் கீழ் வரிசையைப் படிக்க முடியவில்லை. லாரி போனது. மொபெட்டையும் வசந்தாமணி விற்றுவிட்டாள்.

பஸ்ஸில் போகலாம். புதுச்சத்திரத்தில் நிற்கிற பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் பூபதிக்கு பஸ் ஆகாது. அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் அவரால் சும்மா உட்கார முடியாது. முன்னால் லாரி வந்தால் அவர் வலது கால் தரையை மிதிக்கும். டிரைவர் கியர் மாற்றத் தாமதித்தால் பல்லைக் கடிப்பார். இறங்கும்போது நேரே டிரைவரிடம் போய், "செகண்டுல ஏத்தோணுமுங்க, தேர்டுல இழுக்கறீங்க," என்று சொல்லிவிட்டு வருவார். இரண்டு முறை சண்டையாகிவிட்டது.

"அப்ப நடந்து போங்க," என்றாள் வசந்தாமணி.

நடக்கவில்லை. சைக்கிள் கேட்டார்.

தமிழினி ஓசூரில் வாகன பிரேக் சோதிக்கும் கூடத்தில் இன்ஜினியர். சைக்கிள் வாங்க அவள்தான் அவரை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனாள். இலேசான சைக்கிள் எதையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூலையில் ஒரு மலைச் சைக்கிள் நின்றது. கரடுமுரடான பாதைக்கென்று தடித்த சட்டம், பருத்த டயர், டயர் முழுக்கக் கட்டைகள். குனிந்து டயரைத் தடவினார்.

"இதா பாரு, டிப்பராட்ட இருக்குது."

"இது மலைக்குங்கப்பா. நீங்க தார் ரோட்டுல போறவங்க."

"ரோடு எப்பவும் ரோடாவா இருக்குது?"

பெட்டி வாங்குகிறவன் பூட்டைப் பார்ப்பது போல, லாரிக்காரர் டயரைப் பார்த்துச் சைக்கிள் வாங்கிவிட்டார்.

முதல் மாதம் ஏரிக்கரை, காட்டுத்தடம் என்று சுற்றினார். பிறகு தானாக நெடுஞ்சாலையின் ஓரச் சாலைக்கு வந்து சேர்ந்தார். தினமும் காலையில் நாமக்கல் பாதையில் கொஞ்ச தூரம் போய் டீ குடித்துவிட்டு வருவார். தாண்டிப் போகும் லாரிகளைப் பார்த்துவிட்டு, எந்த வண்டியில் டயர் சரியில்லை என்று வீட்டில் வந்து சொல்வார்.

ஒரு நாள் கருப்பண்ணனிடம் போனில் பேசும்போது சைக்கிளைப் பற்றிப் பெருமையடித்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வசந்தாமணியும், விடுமுறைக்கு வந்திருந்த தமிழினியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சைக்கிளா? ஏண்டா, நாக்பூர் ஓட்டுனவன் இப்ப டீக்கடை வரைக்கும் ஓட்டறியா?"

"டேய், வேலூருக்கே ஓட்டீட்டு வருவேன்டா."

"நீயா? பரமத்தி தாண்டறதுக்குள்ள உன்னையத் தூக்கிச் சரக்கு வண்டியில போட்டுத்தான் கொண்டாரோணும்."

"வந்தா என்ன தருவே?"

"நம்ம கொடிக்கால் வெத்தலை, கொழுந்தாப் பாத்து ஒரு கவுளி. நானே கிள்ளித் தாரேன். ஆனா ஒண்ணு, நீ ஓட்டீட்டு வந்து கையில வாங்கோணும். பஸ்ல வந்தா ஒரு இணுக்குக் கூடக் கெடையாது."

கவுளி என்றால் கட்டாக அடுக்கிய நூறு வெற்றிலை. வசந்தாமணி வெற்றிலை போடுகிறவள். "வேலூர் வெத்தலையா?" என்று அவளும் வாயைக் கொடுத்தாள். பூபதி அவள் பக்கம் திரும்பி, "கொண்டாரேன் புள்ள," என்றார். சொன்னால் சொன்னதுதான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் சைக்கிள் அவருக்குக் கனக்கத் தொடங்கியது.

"வண்டி இழுக்குது சாமி," என்று தமிழினிக்குப் போன் செய்தார். "லோடு வண்டி ஏத்தத்துல போறாப்பல இருக்குது. நேர் ரோட்டுலயே மூச்சு வாங்குது."

பூபதியும் தமிழினியும் குணத்தில் ஒட்டாதவர்கள். அவர் பேசிக்கொண்டே இருப்பவர். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. வண்டி இழுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்துக்கு ஒரு பாகம் இருக்கும். பாகத்தைக் கண்டுபிடித்தால் சரி செய்துவிடலாம். தமிழினி அடுத்த விடுமுறைக்கு வந்து பிரேக் உரசுகிறதா என்று பார்த்தாள். உரசவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டாள். சீட்டை உயர்த்தினாள். இடது தோள் வலிக்கிறது என்றார். ஹேண்டிலைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுத்தாள்.

"டாக்டரப் பாருங்கன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறாரு," என்றாள் வசந்தாமணி.

"டாக்டரு சைக்கிள் ரிப்பேர் பண்ணுவாரா?" என்றார் பூபதி.

தமிழினி சைக்கிளை ஓட்டிப் பார்த்தாள். தார்ச் சாலையில் டயர் 'உர்ர்' என்று உறுமியது. இதுதான் என்று முடிவு செய்தாள். அது தவறான முடிவும் இல்லை. கட்டை டயர் தார்ச் சாலையில் ஓடும்போது, தரையில் படுகிற ஒவ்வொரு கட்டையும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கலுக்கும் நிமிர்த்தலுக்கும் செலவாகிற வலு மிதிக்கிறவன் காலிலிருந்து போகிறது. கேட்கிற உறுமல் அதன் சத்தம். அகலம் குறைந்த, வழவழப்பான, காற்று இறுக்கமாக நிற்கிற டயர் போட்டால் அதே கால் இன்னும் தூரம் போகும். இதை அவரிடம் சொன்னாள்.

"அப்ப டயர்தான்," என்றார். அவர் முகம் தெளிந்தது. நோய் பிடிபட்ட மாதிரி.

சனிக்கிழமை இரண்டு பேரும் நாமக்கல்லுக்குப் போனார்கள். சைக்கிள் விற்ற அதே கடை. கடைக்காரர் குணசீலன் இரண்டு டயர்களை எடுத்து மேசைமேல் போட்டார். ஒன்று விரல் மொத்தம்தான் இருக்கும், முழு வழவழப்பு. இன்னொன்று கொஞ்சம் அகலம், ஒன்றரை அங்குலம், நீளவாக்கில் கோடு கோடாக இருந்தது.

"சன்னமானது பறக்குமுங்க," என்றார் குணசீலன்.

"ஓரச் சாலையில ஜல்லியும் மணலுமாக் கெடக்குதுங்கண்ணா. குழியில விழுந்தா ரிம் அடிவாங்கும். அது வேண்டாம்," என்றாள் தமிழினி. "இந்த ரிம்முக்கு ஒண்ணரை அங்குலம் சரியா உக்காரும்."

பூபதி அந்த ஒன்றரை அங்குல டயரைத்தான் ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். அவருக்கு ரிம் அளவெல்லாம் கணக்கில்லை. கோடுகளை விரலால் நீவிக்கொண்டிருந்தார். லாரியில் முன் சக்கரத்துக்குப் போடுவது நீளக்கோடு டயர். பின்னால் இழுவைக்குக் கட்டை டயர்.

"இது முன் டயர்," என்றார்.

"சைக்கிளுக்கு முன் டயரு, பின் டயருன்னு தனியா இல்லீங்கண்ணா, ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க," என்றார் குணசீலன். "ஆனா ஒரு சங்கதி. இந்த அளவுல ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு சேலத்துல இருந்து வரோணும். அடுத்த வாரம் வந்துருமுங்க."

"வந்த வரைக்கும் மாட்டுவோம்," என்றார் பூபதி. "இதை முன்னாடிக்குப் போட்டுக்கலாம்."

"பின்னாடிங்கப்பா," என்றாள் தமிழினி. "உங்க எடையில பாதிக்கு மேல பின் சக்கரத்துலதான் இருக்குது. இழுக்கறதும் அதுதான் அதிகமா இழுக்கும். ஒண்ணே ஒண்ணு மாத்தறதுன்னா பின்னாடி மாத்தினாத்தான் உங்களுக்கு இலேசாத் தெரியும்."

"முன்னாடி வெடிச்சா?"

"சைக்கிள்ல எங்கங்கப்பா வெடிக்குது?"

"டயருக்கு அது சைக்கிள்னு தெரியுமா?"

குணசீலன் சிரித்துவிட்டார். தமிழினி ஒரு காகிதத்தில் சக்கரம் போட்டு, எடை எங்கே விழுகிறது என்று அம்புக்குறி வரைந்து காட்டினாள். பூபதி மரியாதையாகப் பார்த்தார். முழுவதும் கேட்டார். பிறகு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கணக்குச் சரிதான் சாமி. ஆனா புதுசு முன்னாடி."

ஞாயிறு மாலை அவள் ஓசூருக்குப் பஸ் ஏறினாள். பூபதி சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "சேலத்து டயர் வந்ததும் வேலூர்தான்," என்றார். "நீ வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ. அடுத்த ஞாயித்துக்கிழமை."

வாரத்தின் நடுவில் வசந்தாமணி போன் செய்தாள். வேறு என்னவோ பேசிவிட்டு, "மறுபடியும் கரண்டியக் காணோம். உங்கப்பனுக்கு என்ன கேடோ," என்றாள். பின்னால் பூபதி ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு சரியில்லை. என்ன சொன்னார் என்று தமிழினிக்குப் பிடிபடவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறோமே என்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டீ குடித்துவிட்டுச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சுவரோரம் உட்கார்ந்தார். துணி கையிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். பின் சீட்டில் வசந்தாமணியின் மடியில் படுத்திருந்தார். ஒரு திருப்பத்தில் அவர் வலது கால் தரையை மிதித்தது என்று அவள் பிறகு சொன்னாள். அதற்கு மேல் கால் அசையவில்லை.

தமிழினி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் நிதானமானவர். உட்கார வைத்துப் பேசினார். "இது இன்னைக்கு வந்தது இல்லம்மா. ரத்தக் குழாய் மாசக்கணக்கா அடைச்சுக்கிட்டே வந்திருக்கும். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியிருக்குமே. தோள் வலி இருந்திருக்கும். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னார். சைக்கிள் என்று சொன்னார்.

தமிழினி அதை டாக்டரிடம் சொல்லவில்லை. இழுத்தது எது, எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இனி ஒரு வழியும் இல்லை. டயரும் இழுத்தது உண்மை. டயர் மட்டும் இழுக்கவில்லை என்பதும் உண்மை.

சாவுக்குக் கருப்பண்ணன் வந்தார். கால் லேசாக நொண்டும். பந்தலுக்குள் வராமல் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தமிழினி அவருக்கு நாற்காலி போட்டாள்.

"உக்காருங்க பெரியப்பா."

"வெத்தலை கொண்டாரலை சாமி," என்றார். சடங்குக்கான வெற்றிலையைச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. "கிள்ளத்தான் போனேன். கொடியில கை வெச்சேன். அப்புறம் ரோசனை வந்துது. அவன் ஓட்டீட்டு வந்து வாங்கோணும்னுதானே பேச்சு. நானே கொண்டாந்து குடுத்தா அவனுக்கு ஆகாது. பொணமாக் கெடந்தாலும் எந்திரிச்சு வைவான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு வசந்தாமணி சைக்கிளைக் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னாள். தமிழினி அதை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். சிமென்ட் தரையில் முன் சக்கரம் உறுமியது.

நின்றாள். முன் சக்கரம் உறுமக் கூடாது.

குனிந்து பார்த்தாள். முன்னால் இருந்தது பழைய கட்டை டயர். புதிய கோட்டு டயர் பின்னால் இருந்தது. இரண்டு ரிம்மின் ஓரத்திலும் கரண்டி கீறிய தடம். கோட்டு டயரின் பக்கவாட்டில், சுழல வேண்டிய திசையைக் காட்ட அச்சடித்திருந்த அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டியது, திருப்பி மாட்டியிருந்தார். பக்கத்தில் சாக்குக்கு அடியில் குழம்புக் கரண்டிகள் இரண்டும் கிடந்தன, காம்பு கறுத்து.

தனியாக, யாரும் பிடித்துக் கொடுக்காமல், இரண்டு டயர்களையும் கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார். அந்தக் கடைசி ஒரு சாணைக் கட்டைவிரலால் தள்ளியிருக்கிறார், இரண்டு முறை. தமிழினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். கடையில் அவள் அம்புக்குறி போட்டுக் காட்டிய காகிதத்தை மரியாதைக்காக மட்டும் பார்க்கவில்லை. வாயால் ஒப்புக்கொள்ளாமல் கையால் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று முழுவதும் இந்த நினைப்பு அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூபதியின் போன் அடித்தது. அதை அணைக்க யாருக்கும் மனம் வராமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள்.

"அண்ணனுங்களா? குணசீலன் பேசறனுங்க. சேலத்துல இருந்து டயர் வந்திருச்சுங்க."

தமிழினி பஸ்ஸில் நாமக்கல் போனாள். கடையில் விஷயத்தைச் சொன்னாள். குணசீலன் எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஸ்டூலைத் தள்ளினார், டீ வரவழைத்தார்.

"புதன்கிழமை வந்தாருங்களே அம்மிணி. சைக்கிள்லயே வந்தாரு. டயரு வந்திருச்சாக்கும்னு கேட்டாரு. இல்லீங்கண்ணான்னேன். செரி, எடத்தைக் காலி பண்ணி வெச்சிட்டேன்னு சொன்னாரு."

"எந்த எடத்தைங்கண்ணா?"

"முன் சக்கரத்தைத்தானுங்க. ஓடுன டயரைப் பின்னாடி தள்ளிப்போட்டாச்சு, புதுசு வந்தா முன்னாடிக்கு வேணுமுல்லன்னாரு. நாஞ் சிரிச்சேனுங்க. போட்டு நாலு நாள்தானுங்களே ஆச்சு, அதுக்குள்ள பழசாப் போச்சுங்களான்னு கேட்டேன். அதுக்கு அண்ணன்..." குணசீலன் நிறுத்தினார்.

"சொல்லுங்கண்ணா."

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. 'என்ற புள்ளைகிட்டச் சொல்லீராதீங்க, அவ சொன்னதக் கேட்டுத்தான் மாத்துனேன்னு நெனைச்சுக்குவா'ன்னாருங்க."

தமிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல், டீ சிந்தி, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணசீலன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார். ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆதிலாபாத் பருத்திக் காட்டில் போட்ட சட்டத்தைப் புதுச்சத்திரத்துச் சைக்கிளுக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதன்படி பார்த்தால் வேலூருக்குப் புறப்படுகிற அன்று முன்னால் புத்தம் புதுசு இருந்திருக்கும்.

குணசீலன் டயரைச் சுருட்டிக் கட்டினார். "வேண்டாம்னா நான் வெச்சுக்கறனுங்க. சங்கடப்படாதீங்க."

"இல்லீங்கண்ணா, குடுங்க. முன்னாடிக்குத்தான்."

வீட்டுக்கு வந்து சாக்குக்கு அடியிலிருந்த கரண்டிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின் டயரைக் கழற்றி அம்புக்குறியை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். அது மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. முன்னால் கட்டை டயரைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். கடைசி ஒரு சாண் உள்ளே போக மறுத்தது. வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். தமிழினி கட்டைவிரல்களால் தள்ளினாள்.

"இதுக்கா ரெண்டு நாளு கரண்டியத் தொலைச்சாரு?"

"இதுக்குத்தானுங்கம்மா."

காற்றடித்தாள். டாமியை எடுத்து முன் டயரைத் தட்டினாள், பின் டயரைத் தட்டினாள். 'ணங்', 'ணங்'. இரண்டும் ஒரே ஓசை.

வசந்தாமணி உள்ளே போய்விட்டு ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். அதற்குள் மடித்த பழைய வேட்டித் துண்டு ஒன்று இருந்தது.

"வெத்தலைய அப்படியே பையில போட்டீனா வெயிலுக்கு வதங்கிப் போயிரும். இந்தத் துணிய நனைச்சுச் சுத்திக்க."

"நான் போறேன்னு சொல்லவே இல்லீங்களேம்மா."

"முன்னாடிக்குப் புதுசு போட்டுட்டு எங்க போவே, டீக்கடைக்கா? வெள்ளனே கெளம்பீரு. கருப்பண்ணனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லீர்றேன். மூச்சு வாங்குச்சுன்னா நின்னு போ. கேட்டுச்சா? நின்னு போ."

தமிழினி பையை வாங்கி ஹேண்டிலில் மாட்டினாள். நாக்பூர் ஆரஞ்சு, ஆந்திரா மிளகாய், கம்பளி, பிடி நன்றாக இருந்த சுத்தியல். அவர் சொன்னதும் சொல்லாததுமாக அந்தச் சாலையில் எத்தனையோ வந்து சேர்ந்திருக்கின்றன. கொண்டுவருகிறேன் என்று சொல்லி அவர் கொண்டுவராதது அந்த ஒரு கவுளி வெற்றிலைதான்.